மேலாளர் அழைக்கும் குழுவில் சேரலாமா? டிரெயில் உருக்காலை சொல்லும் பதில்

கேள்வி: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உட்பகுதியில் உள்ள ஓர் உலோகச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். யூனியன் உண்டு, நானும் உறுப்பினர். அண்மையில் மேலாளர் என்னை அழைத்து, 'ஊழியர் ஆலோசனைக் குழு' ஒன்று தொடங்கப்போவதாகவும் இளையவர்கள் சார்பில் நான் அதில் இருக்க வேண்டும் என்றும் கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் பிரிவில் வெகுகாலமாக இருக்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. "இதெல்லாம் டிரெயிலில் பார்த்தாயிற்று. போய் அந்தக் கதையைப் படி" என்றார். நூறு வருடத்துக்கு முந்தைய சண்டையை வைத்துக்கொண்டு இன்றைய நல்ல முயற்சியை ஒதுக்குவது சரியா? நான் சேரலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

தொழிலுறவு ஆலோசகனாக எனக்கு அடிக்கடி வரும் கேள்விதான் இது. ஆனால் உங்கள் சக தொழிலாளி சரியான ஊரின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் முகம் மாறியதற்கான காரணம் தெரிந்துவிட்டால், சேரலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம். எனவே முதலில் டிரெயிலைப் பார்ப்போம்.

கொலம்பியா ஆற்றின் கரையில், அமெரிக்க எல்லைக்கு அருகே இருக்கிற ஊர் டிரெயில். மேலே மலையில் ராஸ்லண்ட். ராஸ்லண்டில் தங்கமும் செம்பும் கலந்த தாது கிடைத்தது. அதை உருக்குவதற்காக 1895–96இல் ஹைன்ஸ் என்ற அமெரிக்க முதலாளி ஆற்றங்கரையில் உருக்காலை கட்டினார். 1898இல் கனடியன் பசிபிக் ரயில்வே அதை வாங்கியது. 1906இல் சுரங்கங்களையும் உருக்காலையையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து 'கன்சாலிடேட்டட் மைனிங் அண்ட் ஸ்மெல்டிங்' கம்பெனியை உருவாக்கினார்கள். பின்னாளில் காமின்கோ என்று பெயர் பெற்றது இதுதான். கிம்பர்லியில் இருந்த சல்லிவன் சுரங்கமும் இவர்கள் கைக்கு வந்தது. ஈயமும் துத்தநாகமும் பின்னிப் பிணைந்த அதன் தாதைப் பிரிக்கும் முறை 1920களில் கைகூடியதும், உலகின் பெரிய ஈய, துத்தநாக உற்பத்தியாளர்களில் ஒன்றாகக் கம்பெனி வளர்ந்தது.

தொழிலாளர்களும் சும்மா இருக்கவில்லை. மேற்கத்திய சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு கனடாவில் முதல் கிளையைத் தொடங்கியது ராஸ்லண்டில்தான். 1895இல் தொடங்கிய அந்தக் கிளையின் எண் 38. 1898இல் அவர்கள் கட்டிய சுரங்கத் தொழிலாளர் மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது. 1899இல் உலோகச் சுரங்கங்களில் நிலத்தடியில் வேலை செய்பவர்களுக்கு எட்டு மணி நேர வேலையை மாகாணச் சட்டம் உறுதி செய்தது. ஆனால் 1901இல் தொடங்கிய ராஸ்லண்ட் வேலைநிறுத்தம் தோற்றது. அதையொட்டிச் சுரங்கக் கம்பெனி ஒன்று சங்கத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்கும் போட்டது. இந்த மாதிரி வழக்குகளிலிருந்து சங்கங்களின் நிதியைக் காப்பதற்காகவே 1902இல் மாகாணம் ஒரு தொழிற்சங்கச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

எட்டு மணி நேரச் சட்டம் சுரங்கத்துக்குள் இறங்குபவர்களோடு நின்றுவிட்டது என்பதைக் கவனியுங்கள். உருக்காலையில் உலைக்கு முன்னால் நிற்பவர்களின் நிலை வேறு. 1917இல் வெடித்தது அதுதான்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. குண்டுகளுக்கும் தோட்டாக்களுக்கும் ஈயமும் துத்தநாகமும் வேண்டும். டிரெயில் இரவு பகலாக ஓடியது. உருக்காலைத் தொழிலாளர் சங்கத்தை நடத்தியவர் ஆல்பர்ட் குட்வின். செம்பட்டைத் தலைமுடி என்பதால் 'ஜிஞ்சர்' என்று கூப்பிடுவார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த நிலக்கரித் தொழிலாளி. வான்கூவர் தீவில் 1912 முதல் 1914 வரை நடந்த நிலக்கரி வேலைநிறுத்தத்தில் இருந்தவர். அது தோற்ற பிறகு அங்கே அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அப்படித்தான் டிரெயில் வந்து சேர்ந்தார். 1917 நவம்பரில் எட்டு மணி நேர வேலை கேட்டு அவர் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள்.

அதே வருடம்தான் கனடா கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. குட்வினை மருத்துவர்கள் ஏற்கெனவே பரிசோதித்து, தற்போதைக்குத் தகுதியில்லை என்று 'டி' பிரிவில் வைத்திருந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கிய சில நாட்களிலேயே மறுபடி பரிசோதனைக்கு அழைத்தார்கள். இந்த முறை 'ஏ' பிரிவு. போர்முனைக்கு உடனே தகுதி! இது திட்டமிட்டுச் செய்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தொழிலாளர்களுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

ஐந்து வாரத்தில், கிறிஸ்துமஸுக்கு முன், வேலைநிறுத்தம் முறிந்தது. கோரிக்கை நிறைவேறாமலேயே ஆட்கள் திரும்பினார்கள். குட்வினின் மேல்முறையீடுகள் தோற்றன. அவர் வான்கூவர் தீவின் கம்பர்லண்ட் பக்கத்துக் காடுகளில் தலைமறைவானார். 1918 ஜூலை 27 அன்று, அவரைத் தேடிப் போன சிறப்புக் காவலர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். வயது 31. ஆகஸ்ட் 2ஆம் தேதி வான்கூவர் தொழிலாளர்கள் ஒரு நாள் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். சுட்டவர் மேல் குற்றம் சாட்டப்பட்டது, ஆனால் அந்த வழக்கு விசாரணைக்கே போகவில்லை.

உங்கள் சக தொழிலாளியின் முகம் மாறியதற்கு இது மட்டும் காரணமல்ல. இதற்குப் பிறகு வந்ததுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது.

தோல்விக்குப் பின் உருக்காலைச் சங்கம் நொறுங்கிக் கிடந்த நேரத்தில் செல்வின் பிளேலாக் பொது மேலாளர் ஆனார். கெட்டிக்கார உலோகப் பொறியாளர். தொழிலாளிகளின் முறைப்பாடுகளை நேரில் கேட்கத் தயங்காதவர். அவர் ஏற்படுத்தியதுதான் 'தொழிலாளர் கூட்டுறவுக் குழு'. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் மேலாளரோடு உட்கார்ந்து பேசுவார்கள். சம்பளம், வீடு, மருத்துவம், வேலை நிலைமை எல்லாமே பேச்சுக்கு வரும்.

பிளேலாக்கைக் கொடுங்கோலராகச் சித்திரிப்பது சுலபம். அப்படிச் செய்தால் நீங்கள் பாதி வரலாற்றை இழந்துவிடுவீர்கள். அந்தக் குழுவால் நன்மைகள் கிடைத்தன. வீடு கட்டக் கடன் கிடைத்தது, மருத்துவ வசதி வந்தது. மற்ற சுரங்க ஊர்களோடு ஒப்பிட்டால் டிரெயில் வேலை நிலையான வேலை. இத்தாலியிலிருந்து வெறுங்கையோடு வந்து இறங்கிய குடும்பங்கள் அங்கே சொந்த வீட்டில் குடியேறின. இருபது வருடத்துக்கு மேலாகப் பெரிய வேலைநிறுத்தம் எதுவும் நடக்கவில்லை. அந்த ஊரின் வயதானவர்களில் பிளேலாக்கை நன்றியோடு நினைத்தவர்களும் இருந்தார்கள். அந்த நன்றி உண்மையானது.

அப்படியென்றால் குறை எங்கே?

குழு பேசலாம், மேலாளர் கேட்பார். ஆனால் மேலாளர் 'முடியாது' என்றால் அதோடு சரி. அடுத்து எடுத்துவைக்கக் குழுவிடம் எதுவும் இல்லை. சொந்த நிதி இல்லை. வெளியிலிருந்து வழக்கறிஞரையோ கணக்கு பார்ப்பவரையோ அழைத்துவர வழியில்லை. மற்ற ஊர்த் தொழிலாளர்களோடு தொடர்பு இல்லை. வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லவே இல்லை. அதைவிட முக்கியமாக, மேலாளரும் கையெழுத்திட்டு அவரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லை. கிடைத்ததெல்லாம் அவர் மனமுவந்து கொடுத்தது. ஒருவர் மனம் வைத்துக் கொடுத்ததை இன்னொருவர் வந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இந்த யோசனை பிளேலாக்கின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1914இல் அமெரிக்காவின் கொலராடோவில், லட்லோ என்ற இடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளர்களின் கூடார முகாம் மேல் தாக்குதல் நடந்தது. பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். சுரங்கமும் எஃகு ஆலையும் வைத்திருந்த அந்தக் கம்பெனியில் பெரும்பங்கு ராக்ஃபெல்லர் குடும்பத்துடையது. நாடே கொதித்தபோது ராக்ஃபெல்லர் ஒரு கனடியரை ஆலோசகராக அமர்த்தினார். பெயர் மெக்கன்சி கிங். அவர் வகுத்துக் கொடுத்த 'ஊழியர் பிரதிநிதித்துவத் திட்டம்' 1915இல் நடைமுறைக்கு வந்தது. சங்கத்தை அங்கீகரிக்காமலே தொழிலாளியோடு பேசுவதற்கு ஒரு வழி. வட அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கான கம்பெனிகள் அதைப் பார்த்துத் தங்கள் குழுக்களை அமைத்தன. டிரெயில் குழுவும் அந்தக் காலத்துப் பிள்ளைதான்.

1938இல் டிரெயிலுக்கு ஆர்தர் எவன்ஸ் வந்தார். 'ஸ்லிம்' எவன்ஸ் என்றால்தான் பலருக்குத் தெரியும். 1935இல் வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டிச் சரக்கு ரயில்களில் ஒட்டாவா நோக்கிக் கூட்டிச் சென்றவர் அவர். டிரெயிலில் அவர் கட்ட வந்தது 'மைன் மில்' சங்கத்தின் 480ஆம் கிளை. பழைய மேற்கத்திய கூட்டமைப்பு 1916இல் பெயர் மாற்றிக்கொண்டு 'மைன் மில்' ஆகியிருந்தது. வேலை எளிதாக இல்லை. கம்பெனி ஊர், கம்பெனிக் கடனில் கட்டிய வீடு, குழுவில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் மாமனாராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். இந்தச் சூழ்நிலையில் ஒருவர் சங்க அட்டையில் கையெழுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத்தான் சேர்ந்தார்கள். வருடங்கள் ஓடின.

கடைசியில் கதவைத் திறந்தது போர்க்காலச் சட்டம். 1941 கடைசியில் ஒன்டாரியோவின் கிர்க்லண்ட் லேக் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள், தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவும் மைன் மில் சங்கம்தான். குளிர்காலத்தோடு அந்தப் போராட்டம் தோற்றது. ஆனால் அங்கீகாரத்துக்குச் சட்டம் இல்லாமல் தீராது என்பதை அது நாடு முழுக்கக் காட்டியது. 1944 பிப்ரவரியில் மத்திய அரசு பி.சி. 1003 என்ற ஆணையைப் பிறப்பித்தது. பெரும்பான்மைத் தொழிலாளர்கள் ஒரு சங்கத்தைத் தேர்ந்தெடுத்தால், நிர்வாகம் அதோடு பேசியே ஆக வேண்டும். நிர்வாகத்தின் பிடியில் உள்ள கைப்பாவைச் சங்கத்துக்கு அதில் இடமில்லை. அப்போது பிரதமராக இருந்தவர் யார் தெரியுமா? அதே மெக்கன்சி கிங். சங்கம் இல்லாமல் பேசலாம் என்று 1915இல் வழி வகுத்த மனிதரின் அரசே, சங்கத்தோடுதான் பேச வேண்டும் என்று 1944இல் ஆணையிட்டது. அவராக மனம் மாறவில்லை. தொழிலாளர்கள் கொடுத்த நெருக்கடியால் மாற வேண்டி வந்தது.

அந்த 1944லேயே 480ஆம் கிளை டிரெயிலில் அங்கீகாரம் பெற்றது. குட்வினின் வேலைநிறுத்தம் முறிந்து 26 வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அப்புறமும் பிரச்சினைகள் இருந்தன. பனிப்போர் காலத்தில் மைன் மில் தலைவர்கள் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லிக் கனடியத் தொழிலாளர் பேரவையே அந்தச் சங்கத்தை வெளியே தள்ளியது. 1950இல் 480ஆம் கிளையின் நிர்வாகிகளில் பெரும்பாலோர் எஃகுத் தொழிலாளர் சங்கத்துக்குத் தாவினார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தாவவில்லை, பழைய சங்கத்தோடு நின்றார்கள். ஒரே ஷிப்டில் வேலை செய்பவர்கள் பேச்சு வார்த்தை இல்லாமல் பிரிந்த காலம் அது. 1967இல் இரண்டு சங்கங்களும் இணைந்தன. எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் டிரெயில் கிளைக்கு இன்றும் எண் 480தான். இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடந்ததற்குக் காரணம், உங்கள் கேள்விக்கு இதில் பதில் குறைவு. ஆனால் ஒரு விஷயம் உண்டு. தலைவர்கள் போன பிறகும் சங்கம் நின்றது, ஏனென்றால் அது உறுப்பினர்களுடையது. பிளேலாக்கின் குழுவால் அப்படி நின்றிருக்க முடியுமா?

சரி, இப்போது உங்கள் ஆலைக்கு வருவோம்.

உங்கள் மேலாளர் கெட்ட எண்ணத்தோடு அழைத்தார் என்று நான் நினைக்கவில்லை. நிர்வாகமும் தொழிலாளர்களும் உட்கார்ந்து பேசும் குழு தப்பான விஷயமும் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தொழிலுறவுச் சட்டமே அப்படியொரு குழுவுக்கு இடம் வைத்திருக்கிறது. சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் இருக்கிற இடத்தில், சங்கமோ நிர்வாகமோ எழுத்தில் கேட்டால் கலந்தாய்வுக் குழு அமைக்க வேண்டும் என்ற விதி அந்த ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். அந்தக் குழு குறைந்தது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். இதுபோக, 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் கூட்டுக் குழு கட்டாயம். அதில் குறைந்தது பாதிப் பேர் தொழிலாளர் பிரதிநிதிகள். சங்கம் இருக்கிற இடத்தில் அவர்களைத் தேர்ந்தெடுப்பது சங்கம். ஈயத் தூசியும் அமிலப் புகையும் இருக்கிற ஆலையில் இந்தக் குழுவைப்போல உயிரோடு சம்பந்தப்பட்ட குழு வேறு கிடையாது. உங்களை அழைத்தது இதற்கு என்றால், சங்கத்தின் மூலமாகப் போய்க் கட்டாயம் சேருங்கள். விதிகளைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இது மூன்றாவது வகையாகத் தெரிகிறது. உங்களைத் தேர்ந்தெடுத்தவர் மேலாளர். சக தொழிலாளர்கள் யாரும் உங்களுக்கு வாக்களிக்கவில்லை. பிளேலாக்கின் குழுவில்கூடப் பிரதிநிதிகளைத் தொழிலாளர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள்! அதனால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். மேலாளர் பொறுக்கியெடுத்த ஒருவர் 'இளையவர்கள் சார்பில்' பேச முடியாது. நீங்கள் எவ்வளவு நேர்மையாகப் பேசினாலும், 'இளைய ஊழியர்களைக் கலந்துகொண்டோம்' என்று நாளை ஒரு காகிதத்தில் எழுத உங்கள் பெயர் பயன்படும். சங்கத்தோடு பேச வேண்டிய விஷயத்தை உங்களோடு பேசி முடித்ததாக அதில் இருக்கும்.

அடுத்தது, என்ன பேசப்போகிறார்கள் என்பது. சாப்பாட்டு அறை, வாகன நிறுத்தம், புதியவர்களுக்கான பயிற்சி என்றால் பெரிய ஆபத்து இல்லை. சம்பளம், ஷிப்ட் முறை, ஓவர்டைம், வேலைமூப்பு, ஆட்குறைப்பு பக்கம் பேச்சு திரும்பினால் விஷயமே வேறு. அங்கீகாரம் பெற்ற சங்கம் இருக்கும் இடத்தில் அவற்றைப் பேசும் உரிமை சங்கத்துக்கு மட்டுமே. நிர்வாகம் அதைத் தாண்டி ஊழியர்களோடு நேரடியாகப் பேரம் பேசினால், அது தொழிலுறவு வாரியம் வரை போகக்கூடிய புகார். அந்தப் புகாரின் நடுவே நீங்கள் நிற்க வேண்டாம்.

பழையவர்கள் பேசும் விதம் உங்களுக்குக் கசந்திருக்கலாம் என்பது எனக்குப் புரிகிறது. 'கருங்காலி' என்ற சொல் சில இடங்களில் யோசிக்காமலே வந்து விழும். சங்கக் கூட்டத்தில் இளையவர்களுக்கும் வேறு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் பேச நேரம் கொடுக்காத கிளைகளும் உண்டு. உங்கள் கிளை அப்படி இருந்தால் அதுவும் உண்மையான குறைதான். அதைக் கூட்டத்திலேயே எழுப்புங்கள். மேலாளரின் மேஜைக்குக் கொண்டுபோனால் அந்தக் குறை தீராது. உங்களுக்கும் சக தொழிலாளிக்கும் நடுவே இடைவெளிதான் பெரிதாகும்.

செய்ய வேண்டியது இதுதான். இப்போதைக்குச் சம்மதம் சொல்லாதீர்கள், மறுக்கவும் வேண்டாம். மேலாளருக்குப் பணிவாக ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். அழைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, இந்தக் குழு கூட்டு ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது, சங்கத்துக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கிறதா, உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், என்னென்ன விஷயங்கள் பேசப்படும், கூட்டக் குறிப்பு எல்லாருக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். அனுப்புவதற்கு முன் அதை உங்கள் பிரிவின் சங்கப் பிரதிநிதியிடம் காட்டுங்கள். 'சங்கத்தோடு பேசி முறையாக அமைக்கிறோம்' என்று பதில் வந்தால், உங்கள் கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்த இடத்துக்கு உங்கள் பெயரை முன்மொழியச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அல்லது வராமலே போனால், 'சங்கத்தின் வழியாக வந்தால் மகிழ்ச்சியாகக் கலந்துகொள்வேன்' என்று இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். இரண்டு மின்னஞ்சல்களின் நகலையும் வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.